நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி



கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக இருந்து வாசியுங்கள். ஊரைவிட்டு கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற எம்மவர்களும் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

சென்ற தவணையில் குடியியற் கல்விப் பாடத்துக்காகத் தரம் 10 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எமது மாவட்டத்தின் ஒரு சபைக்குப் போனோம். மாதாந்த அமர்வு. முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்ததால் பின்வரிசையில் கதிரை போட்டுத் தந்தார்கள். பாராளுமன்றத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள், ஏதும் சத்தம் சண்டை நடக்கும் என்று ஆவலோடு வந்திருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

மத அனுஷ்டானம் முடிந்தது. "சென்ற மாதக் கூட்டறிக்கையை உறுதிப்படுத்தல்" என்று செயலாளர் சொன்னார். ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். பிறகு வந்த கடிதங்கள், மாதக் கணக்கறிக்கை, இறைச்சிக் கடைக் குத்தகைக்குக் கேள்வி கோருதல், தெருவிளக்கு, கட்டாக்காலி மாடு, இரண்டு வீதிக்குக் கிறவல் போடுதல், ஒரு வடிகானை யார் துப்புரவு செய்வது என்பது. பகல் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. பையன்களில் பாதிப்பேர் தூங்கி வழிந்தார்கள்.

திரும்பி வரும்போது வானில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அந்தக் கூட்டறிக்கைய அவங்க வாசிக்கவே இல்லயே. நான் மணிக்கூட்டப் பாத்தன், நாப்பது செக்கன். வாசிக்காம எப்படிச் சேர் சரியெண்டு சொன்னாங்க?"

"அது வழமைதான் மகள்" என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகு மனசு சரியாக இல்லை. நாலு வருடத்துக்கு முன் எமது ஊர்ப் பிள்ளைகளைத் தண்ணீரில் பறிகொடுத்தபோதும் 'வழமை' என்ற இதே சொல்லைத்தான் கேட்டோம். அந்த மாணவிக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று தேடத் தொடங்கி, ஊர்ச் சபைகளின் வரலாற்றுக்குள் போய்விட்டோம். தேடியதை இங்கே எழுதுகிறோம்.

*

ஊரவர் கூடிப் பேசி, பேசியதை எழுதி வைப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எமது மாவட்டத்திலேயே அதற்கு ஆயிரம் ஆண்டுச் சாட்சி இருக்கிறது. கந்தளாயில் கிடைத்த 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டொன்று, அங்கே இருந்த இராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்ற பிராமணக் குடியிருப்பையும், 'பெருங்குறி' எனப்பட்ட அதன் சபையையும் குறிப்பிடுகிறது. கந்தளாய்க் குளம் அதற்கும் பல நூற்றாண்டுகள் மூத்தது. குளம், வாய்க்கால், வயல் உள்ள இடத்தில் ஊர் கூடிப் பேசாமல் ஒரு போகம் விளையாது என்பதை வயல் செய்கிற எவரும் அறிவார்கள். அன்று பேசியதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

அதே சோழர்களின் நாட்டில், காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. 919ஆம், 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஊர் வாரியங்களுக்கு ஆட்களை எப்படித் தெரிவு செய்வது என்று அவை சொல்கின்றன. தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரியைப் பார்க்க ஒரு வாரியம், தோட்டத்தைப் பார்க்க ஒரு வாரியம், பொன்னைப் பார்க்க ஒரு வாரியம்.

அதில் ஒரு விதி எங்களை நிறுத்தி வைத்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். "இந்தச் சட்டம் இப்ப இருந்தா எத்தின பேர் மிஞ்சுவாங்க சேர்?" என்று ஒருவன் கேட்டான். ஆனால் அந்தச் சபையை அளவுக்கு மீறிப் புகழவும் முடியாது. சொந்தக் காணியும் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அங்கே இடம். பெண்ணுக்கும் கூலிக்காரனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

*

பிறகு வந்த காலங்களில் எமது பிரதேசம் நான்கு பகுதிகளாக அறியப்பட்டது: திருகோணமலை நகரம், கொட்டியாரப் பற்று, தம்பலகாமப் பற்று, கட்டுக்குளப் பற்று. பற்றுகளை வன்னியனார்கள் நடத்தினார்கள். 1786இல் திருகோணமலையில் ஒல்லாந்தரின் தலைமை அதிகாரியாக இருந்த வன் சென்டன் இந்தப் பற்றுகளைச் சுற்றிப் பார்த்து ஒரு நாட்குறிப்பு எழுதினார். ஒன்பது வருடத்தில், 1795இல், துறைமுகமும் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்குப் போயின.

ஆங்கிலேயருக்குத் துறைமுகம்தான் முக்கியம். கிராமம் பற்றி அவர்கள் யோசிக்கத் தொடங்கியது மிகவும் பிந்தித்தான். குளங்கள் உடைந்து, வாய்க்கால்கள் தூர்ந்து, நெல் விளைச்சல் விழுந்த பிறகு 1856இல் நீர்ப்பாசனத்துக்கு ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். வாய்க்காலை யார் வெட்டுவது, எந்த நாளில் தண்ணீர் திறப்பது என்பதை ஊரவரே கூடித் தீர்மானிக்கிற பழைய வழக்கத்துக்கு அது மறுபடி இடம் கொடுத்தது. 1865இல் பெரிய நகரங்களுக்கு மாநகர சபைச் சட்டம் வந்தது. 1871இல், 26ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், கிராமங்களுக்கும் குழுக்கள் வந்தன. வேலி, மாடு பயிர் மேய்தல், மீன்பிடி, அணைக்கட்டு, ஊர்ப்பாதை போன்றவற்றுக்கு விதி செய்கிற அதிகாரம் அவற்றுக்கு இருந்தது.

அந்தப் பட்டியலை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். மாடு பயிர் மேய்தல்! எங்கள் பிள்ளைகள் பார்த்த அமர்விலும் கட்டாக்காலி மாடு ஒரு விடயமாக இருந்தது. 150 வருடமாக நாம் அதே மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். சிரிப்பு வரும். ஆனால் வயலுக்குள் மாடு விழுந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சோறு போகிறது. அதனால்தான் அது 150 வருடமாக நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.

ஆரம்பத்தில் இந்தக் குழுக்கள் அரசாங்க அதிபர்மாரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டே நடந்தன. 1924இல் புதிய கட்டளைச் சட்டம் வந்தது. 1930களின் இறுதியில் செய்த திருத்தங்களோடு ஊர்கள் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டன, பெண்களுக்கும் வாக்குக் கிடைத்தது. நகரங்களுக்கு 1939இல் நகர சபைச் சட்டமும், சிறு பட்டினங்களுக்கு 1946இல் பட்டின சபைச் சட்டமும் வந்தன. வன்னியனார், உடையார் என்றிருந்த தலைமைக்காரர் பதவிகளின் இடத்துக்கு டி.ஆர்.ஓ. வந்தார். 1963இல் விதானைமாரின் இடத்துக்குக் கிராம சேவகர் வந்தார்.

எங்கள் மூத்தவர்கள் கிராமச் சபை என்று முழுதாகச் சொல்ல மாட்டார்கள். வீ.சீ. என்பார்கள். "வீ.சீ. போட்ட கிணறு", "வீ.சீ. சேர்மன்". கிழக்கில் பல ஊர்களில் வீ.சீ. றோட் என்று இன்றும் ஒரு வீதி இருக்கும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வீ.சீ.க்கு அதிகாரமும் குறைவு, காசும் குறைவு. ஆனால் அதன் சேர்மன் நம்முடைய பள்ளியில் தொழுதவர், நம்முடைய சந்தையில் மீன் வாங்கியவர். கிணற்றடியில் தண்ணீர் இல்லையென்றால் வழியில் மறித்துக் கேட்கலாம். கேட்டதற்கு அவர் அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலை ஒருவர் எழுத வேண்டும்.

*

அந்த வீ.சீ. எப்படி இல்லாமல் போனது?

1980இல் அபிவிருத்தி சபைகள் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு பெரிய சபை, அபிவிருத்தி வேகமாக நடக்கும் என்றார்கள். 1981இல் நாடு முழுவதும் இருந்த 549 கிராமச் சபைகளும் 83 பட்டின சபைகளும் கலைக்கப்பட்டன. மாவட்ட சபைத் தேர்தல் 1981 ஜூன் 4ஆம் திகதி நடந்தது. அந்தத் தேர்தல் நாட்களில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. ஏட்டையும் பதிவையும் இழந்த ஒரு சமூகம் என்ன ஆகும் என்பதை அந்தச் சாம்பல் எல்லோருக்கும் சொன்னது.

மாவட்ட சபைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கிராமத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையில் யாருமே இல்லாத வெற்றிடம் உண்டானது. அதை நிரப்ப 1987இல் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் நிறைவேறியது. 1988 ஜனவரி முதலாம் திகதி முதல் பிரதேச சபைகள் உருவாகின. தெற்கில் 1991இல் மக்கள் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பினார்கள். இங்கே யுத்தம். கிழக்கில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது 1994 மார்ச்சில்தான்.

கணக்குப் பாருங்கள். 1981 முதல் 1994 வரை கிட்டத்தட்ட 13 வருடம். ஒரு பிள்ளை பிறந்து எட்டாம் வகுப்புக்கு வருகிற காலம். அவ்வளவு காலமும் எமது கிராமங்களுக்குத் தெரிவு செய்யப்பட்ட ஒரு சபை இருக்கவில்லை. வீதியைத் திருத்தச் சொல்லி அதிகாரிக்கு மனுக் கொடுக்கலாம். ஆனால் வாக்குக் கேட்டு வந்தவரை மறித்து "ஏன் செய்யல்ல?" என்று கேட்பதற்கு ஆள் இல்லை. அந்தப் 13 வருடத்தில் கேட்கிற பழக்கமே எங்களை விட்டுப் போய்விட்டது என்பது எங்கள் எண்ணம். 1994க்குப் பிறகும் தேர்தல்கள் பல தடவை தள்ளிப்போயின. சபை என்றால் குத்தகையும் கொந்தராத்தும்தான் என்று ஒரு தலைமுறை நினைக்கத் தொடங்கியது.

இடையில் எத்தனை ஓட்டம்! யுத்த காலத்தில் பல தடவை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. கிண்ணியா வைத்தியசாலையையே அள்ளிக்கொண்டு போனது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு நடந்து போனார்கள். ஓடுகிறவர்கள் பிள்ளையைத் தூக்குவார்கள், அடையாள அட்டையையும் காணி உறுதியையும் பையில் வைப்பார்கள். ஊரின் பதிவேட்டை யாரும் தூக்குவதில்லை. திரும்பி வந்த பிறகுதான் தெரியும்: இந்த ஒழுங்கை எத்தனை அடி அகலம், மையவாடியின் எல்லை எதுவரை, இந்தக் கிணறு பொதுக் கிணறா தனியார் கிணறா, இந்த வளவுக்குச் சோலை வரி யார் கட்டினார் என்பதற்கெல்லாம் சாட்சி, சபையின் ஏதோ ஒரு பழைய பக்கத்தில் இருந்த ஒரு வரிதான் என்று. காணி என்பது எமது மாவட்டத்தில் எவ்வளவு பெரிய பிரச்சினை என்று விளக்கத் தேவையில்லை. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எவராக இருந்தாலும், கையில் பத்திரம் இல்லாதவருக்கு அலுவலகத்தில் நிற்க இடமில்லை.

*

இனி இன்றைய சபைக்கு வருவோம். எமது மாவட்டத்தில் 13 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. பிரதேச சபைச் சட்டம் ஒரு சபையின் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறது: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள், இவற்றோடு மக்களின் வசதியும் நலனும். குப்பை, தண்ணீர், விளக்கு, வீதி, சந்தை, மையவாடி, நூலகம், கட்டட அனுமதி எல்லாம் இதற்குள் வரும். மாதத்துக்கு ஒரு தடவையாவது சபை கூட வேண்டும். நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல் என நான்கு விடயங்களுக்குக் குழுக்கள் அமைக்க வேண்டும். சபை உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் இந்தக் குழுக்களில் சேர்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஓய்வுபெற்ற பொறியியலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதிபர் என்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குழுவில் போடச் சொல்லி எந்த ஜமாஅத்தாவது, எந்தக் கழகமாவது சபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறதா?

கூட்டறிக்கைக்கு வருவோம். சென்ற கூட்டத்தில் பேசியதையும் தீர்மானித்ததையும் எழுதியது அது. அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் "சரி" என்று உறுதிப்படுத்தி, தவிசாளர் கையொப்பம் வைத்த பிறகு, நடந்தது இதுதான் என்பதற்கு அதுவே சாட்சி. "நான் அதை எதிர்த்தேன்", "அந்த நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டோம்" என்று பிறகு வாயால் சொன்னால் எடுபடாது. பிழையைத் திருத்தக் கிடைக்கிற வாய்ப்பு, அந்த மாணவி மணிக்கூட்டில் பார்த்த அந்த நாற்பது வினாடிதான்.

*

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறோம் என்றால், நாம் தண்ணீரைக் கடந்து வாழ்கிற மக்கள்.

பாலம் வருவதற்கு முன்பு கிண்ணியாத் துறையடியில் காத்திருந்தது எங்கள் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். பஸ், லொறி, மாடு, மணமக்கள், ஜனாஸா எல்லாமே 'பாதை'யில்தான். மூதூர்ப் பக்கம் போனால் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று பாதைக்கு மேல் பாதை. இரவில் பிரசவ வலி வந்த பெண்ணை அக்கரையில் வைத்துக்கொண்டு பாதைக்காரனைக் கூப்பிட்ட கதை இல்லாத குடும்பம் குறைவு. 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர். அன்று நாட்டிலேயே நீளமான பாலம். இனிப் பாதைக்குக் காத்திருக்கிற காலம் முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை அகற்றிப் புதியது கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடியும் வரை மக்கள் அக்கரைக்குப் போக வேண்டுமே! ஒரு மிதப்புப் பாதை ஓடத் தொடங்கியது. 2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை, பாடசாலைக்குப் போகிற நேரம், அது கவிழ்ந்தது. அன்று காலையிலேயே ஆறு பேரின் மரணம் அறிவிக்கப்பட்டது. அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களிலும் பின்னர் உயிரிழப்பு ஏற்பட்டது. அல்லாஹ் அவர்கள் எல்லோருக்கும் மேலான சுவர்க்கத்தைக் கொடுப்பானாக.

அன்று வைத்தியசாலை வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சியை எழுதிக் காட்டத் தேவையில்லை. எழுதவும் மாட்டோம். புத்தகப் பையை வெயிலில் காயப்போட்டிருந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அது போதும்.

அடுத்த நாளே ஊரிலும் பாராளுமன்றத்திலும் ஒரே கேள்வி: இதை ஓட அனுமதித்தது யார்? பாதையை நடத்தியவர்கள் கைதானார்கள். அனுமதி தொடர்பாக நகர சபைத் தவிசாளரும் கைதானார். சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, அமைச்சு என்று ஒருவரை ஒருவர் காட்டினார்கள். யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாங்கள் அந்தக் கதிரையில் இருக்க விரும்பவில்லை.

ஊருக்கு, எங்களையும் சேர்த்து, வேறொரு கேள்வி இருக்கிறது. ஒரு பாதைக்கு அனுமதி கொடுப்பது சபையின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எத்தனை விடயம் இருக்க வேண்டும்? ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறலாம்? உயிர்காப்பு அங்கி எத்தனை? காலையில் பிள்ளைகள் கூடுகிற நேரத்தில் யார் நின்று பார்ப்பது? மிதவையைப் பரிசோதித்தவர் யார், எப்போது? பாலம் வேலை எந்த மாதம் முடியும், அதுவரைக்கும் மாற்றுப் பாதைக்கு யார் பொறுப்பு? இவ்வளவும் கேட்கப்பட்டு, பதில் எழுதப்பட்டு, அடுத்த மாதம் வாசிக்கப்பட்டு உறுதியாக வேண்டும். எமது பிள்ளைகள் தினமும் அதில் ஏறினார்கள். அது சாய்ந்து சாய்ந்து போனதை நாமும் பார்த்தோம். "அல்லாஹ் காப்பாத்தட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்று நபிகளார் (ஸல்) சொன்னதைக் குத்பாவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! கட்டினோமா என்று நாம் போய்ப் பார்க்கவில்லை.

யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. வாசிக்காமல் உறுதிப்படுத்துகிற சபைக்கும், கேட்காமல் ஏறுகிற ஊருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

*

அதன் பிறகு என்ன நடந்தது? 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19ஆம் திகதியோடு முடிந்தது. அந்த மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல், காசு இல்லை என்று நடக்கவில்லை. தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதி நடந்தது. ஜூன் தொடக்கத்தில் புதிய சபைகளின் காலம் ஆரம்பமானது.

இரண்டு வருடத்துக்கு மேல் சபை இல்லை. செயலாளர்களும் ஊழியர்களும் குப்பை அள்ளினார்கள், விளக்கு மாற்றினார்கள், சம்பளம் கொடுத்தார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாதக் கணக்கைக் கையில் எடுத்து "இது ஏன் இவ்வளவு?" என்று கேட்க வாக்குப் பெற்ற ஒருவரும் மேசைக்கு எதிரே இருக்கவில்லை. அதைவிடக் கவலை, அப்படி ஒருவர் இல்லை என்பதை நம்மில் பலர் உணரவே இல்லை. 1981இல் போனதும் இப்படித்தான் சத்தமில்லாமல் போனது.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2018 தேர்தலில் இருந்து உறுப்பினர்களில் 25 வீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு நாடு முழுவதும் இரண்டு வீதம் அளவில்தான் பெண்கள் இருந்தார்கள். நாங்கள் போன அமர்வில் குடிதண்ணீர் வருகிற நேரத்தைப் பற்றிக் கேட்டவர் ஒரு பெண் உறுப்பினர். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று சரியாகத் தெரிந்தவர் வீட்டில் பானையோடு காத்திருக்கிறவர்தானே. உத்திரமேரூர்க் குடத்தில் அவருக்கு ஓலை இருக்கவில்லை. இன்று கதிரை இருக்கிறது.

*

இனி நாம் என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் தேவையில்லை.

ஒன்று, மாதாந்த அமர்வுக்குப் போவோம். ஒவ்வொரு மாதமும் எல்லோரும் போக வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்தில் மூன்று பேர் முறை வைத்துப் போனால் போதும். பின்வரிசையில் யாரோ இருக்கிறார்கள் என்றால் முன்வரிசையின் பேச்சு மாறும். பிள்ளைகள் இருந்த அன்று ஓர் உறுப்பினர் இன்னொருவரிடம் "பிள்ளைகள் பாக்குது, ஒழுங்காக் கதைங்க" என்று சொன்னதை எங்கள் காதால் கேட்டோம்.

இரண்டு, கேட்டு வாங்குவோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் அமுலில் இருக்கிறது. கூட்டறிக்கையின் பிரதி, மாதக் கணக்கு, ஒரு குத்தகையின் நிபந்தனை எதையும் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். சண்டை பிடிக்காமல், முகம் சுளிக்காமல், ஒரு கடிதத்தால் செய்யக்கூடிய வேலை.

மூன்று, தண்ணீர், படகு, பாலம், பிள்ளைகள் போகிற வாகனம் சம்பந்தப்பட்ட எந்த அனுமதியையும் வழமையான விடயமாக எடுக்க விடக் கூடாது. அந்த வரி வாசிக்கப்படும்போது ஊரில் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். குறிஞ்சாக்கேணியில் போன உயிர்களுக்கு நாம் செய்கிற துஆவோடு இதையும் சேர்த்துக்கொள்வோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில், மூத்தவர்களின் பழைய கோப்புகளில், வீ.சீ. காலத்துப் பற்றுச்சீட்டு, சோலை வரித் துண்டு, கூட்ட அழைப்புக் கடிதம், தேர்தல் துண்டுப் பிரசுரம் ஏதாவது இருந்தால் தூக்கி எறியாதீர்கள். எங்களிடம் கொண்டுவாருங்கள். பிள்ளைகளைக் கொண்டு படம் எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவோம். தமிழ், சிங்கள அயலவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். சபை எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

அந்த மாணவிக்குப் பதில் சொல்லிவிட்டோம். "வாசிக்காமச் சரியெண்டு சொல்லக் கூடாது மகள். அது பிழை. நாங்களும் கேக்காம இருந்தது பிழை." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப அடுத்த மாசமும் போவமா சேர்?"

அடுத்த அமர்வுக்கு ஐந்து பிள்ளைகள் வருவதாகப் பெயர் தந்திருக்கிறார்கள். பெற்றோரில் யாராவது கூட வந்தால் வானில் இன்னும் இடம் இருக்கிறது.